வானிலை மரக்கறித் தோட்டத்தை அழித்த பின்னரும் மனம் தளராதிருக்க: திருகோணமலைத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் வீட்டு வளவிலோ சிறு துண்டு நிலத்திலோ மரக்கறி பயிரிடுவோருக்காக இந்தக் கேள்விகளும் பதில்களும் எழுதப்பட்டுள்ளன. பயிர் அழிந்த பிறகு ஒருவருக்கு ஆறுதல் வார்த்தை எவ்வளவு தேவையோ, அடுத்து என்ன செய்வது என்ற தெளிவும் அவ்வளவு தேவைப்படுகிறது. ஆகவே மனநிலை பற்றிய கேள்விகளும் மண், நீர், பயிர் பற்றிய கேள்விகளும் இங்கே கலந்தே வருகின்றன.

மூன்று மாதம் பாடுபட்ட தோட்டம் ஓர் இரவு மழையில் போய்விட்டது. வளவின் அந்தப் பக்கம் போகவே மனம் வரவில்லை. இது இயல்பானதா?

முற்றிலும் இயல்பானது. பார்ப்பவர்களுக்கு அது சில கத்தரிக் கன்றுகளும் ஒரு பயற்றைப் பந்தலும்தான். உங்களுக்கோ அது விதை தேடி வாங்கிய நாள், நாற்று முளைத்த நாள், காலையும் மாலையும் சுமந்த தண்ணீர், இலைக்கடியில் புழுப் பொறுக்கிய நேரம், முதற் பூவைக் கண்ட மகிழ்ச்சி ஆகிய எல்லாமாகும். நட்டம் ரூபாயில் சிறியது என்பதால் கவலையும் சிறியதாக இருக்கவேண்டும் என்று யாரும் உங்களிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. நீங்களும் உங்களிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் அந்த நாட்களில் தோட்டம் பற்றிய பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள் என்பதை வலியுறுத்திச் சொல்வேன். "இனி எனக்குப் பயிரே வேண்டாம்" என்று பந்தலைப் பிடுங்கி எறிவதும், வீம்புக்காக மறுநாளே ஈர மண்ணில் இரட்டிப்பு விதை போடுவதும் ஒரே களைப்பிலிருந்து பிறப்பவைதான். அடைத்துக்கொண்ட வாய்க்காலைத் திறந்துவிடுவது, மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வைப்பது, சேற்றில் கிடக்கும் கம்புகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்குவது போன்ற சிறு வேலை ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஊக்கம் பிறந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்களைவிட, அரைமனதோடு ஒரு சிறு வேலையில் கைவைத்தவர்களே விரைவாகத் தோட்டத்துக்குத் திரும்புகிறார்கள் என்பதே நான் பார்த்தது.

வெள்ளம் தோட்டத்தோடு வீட்டையும் பொருட்களையும் கொண்டுபோயிருந்து, உறக்கமின்மையும் எதிலும் பற்றின்மையும் இரண்டு வாரத்துக்கு மேலாக நீடித்தால், அது தோட்ட வேலையால் மட்டும் தீரக்கூடியது அல்ல. வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 இற்கும் அழைக்கலாம்.

மற்ற ஊர்களில் இவ்வளவு இழப்பு இல்லையே. திருகோணமலையில் மட்டும் வானிலை ஏன் இப்படி மாறிமாறித் தாக்குகிறது?

எங்கள் மாவட்டம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்தாலும், அதன் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையான சில மாதங்களுக்குள், வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்றோ, தென்மேற்குப் பருவக்காற்றாகப் புறப்பட்டு, மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் மழையை இறக்கிவிட்டு, வறண்ட வெப்பக் காற்றாக எங்களிடம் வந்துசேருகிறது. ஆகவே டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்ற அதே பாத்தி யூலையில் வெடித்துக் கிடக்கிறது. இரண்டும் தற்செயல் விபத்துகள் அல்ல. இந்த நிலத்தின் ஆண்டுச் சுழற்சியே அப்படி அமைந்திருக்கிறது.

வங்காள விரிகுடாவின் சூறாவளிக் காலமும் எங்கள் பெரும்போகத்தின் இளம்பருவமும் நவம்பரிலும் டிசம்பரிலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதும் இதோடு சேர்கிறது. 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை முதியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி, திருகோணமலைக்கு வடக்கே திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்கள் மூழ்கின.

இதை அறிந்திருப்பதால் இழந்த பயிர் திரும்பி வராது. ஆனால் "நான் எதையோ பிழையாகச் செய்துவிட்டேன்" என்ற எண்ணம் குறையும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எங்கள் வாயிலும் வருகிறது, ஆனால் எங்கள் ஆடி, கச்சான் உச்சத்தில் வீசும் மாதம். கிணற்று நீரை மட்டும் நம்பி ஆடியில் பெரிதாக விதைத்துவிட்டு, முளை கருகியதும் தன்னை நொந்துகொள்பவர்கள், வேறொரு நிலத்தின் நாட்காட்டியால் தங்களை அளக்கிறார்கள்.

மழை விட்ட மறுநாள் முதலில் எதைச் செய்வது?

முதலில், பாத்திக்குள் இறங்காதீர்கள். ஊறிய மண்ணில் கால் பட்டால் அது இறுகிவிடும். இறுகிய மண்ணில் காற்று புகாது. தப்பிய பயிரும் அதனால் பின்னர் சாகும். ஓரத்தில் நின்றபடி தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது, எந்தப் பக்கமாக இழுத்துவிடலாம் என்று பாருங்கள். அன்றைய முழு வேலையும் தண்ணீரை வெளியேற்றுவதே. வேருக்கு நீர் வேண்டியதைப் போலவே காற்றும் வேண்டும். மண்ணிலுள்ள துளைகள் நீரால் நிரம்பி ஓரிரு நாள் கடந்தால் வேர் மூச்சடைத்து அழுகத் தொடங்கும்.

மழை விட்டு வெயில் அடித்ததும் இலைகள் வாடித் தொங்குவதைக் கண்டு பலர் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். அது தாகம் அல்ல. நீரை உறிஞ்சும் வலு வேருக்கு இல்லாமற் போனதன் அடையாளம். அப்போது ஊற்றும் ஒரு வாளி நீரும் கேடு செய்யும். மாறாக, தென்னோலையைச் சாய்வாகக் குத்தி இரண்டு மூன்று நாள் நிழல் கொடுத்தால், இலை குறைவாக நீரை இழக்கும், வேர் தேறும்.

சேறு படிந்த இலைகளைத் தெளிந்த நீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள். முறிந்தவற்றையும் மண்ணில் ஒட்டிக் கிடப்பவற்றையும் கிள்ளி எடுத்து வளவுக்கு வெளியே போடுங்கள். சாய்ந்த கன்றுகளுக்குக் கம்பு நட்டு, துணிக் கீலத்தால் தளர்வாகக் கட்டுங்கள். மண் கையில் பிடித்தால் உதிரும் நிலைக்கு வந்த பின்னரே, மேல்மண்ணை இலேசாகக் கிளறி, வெளியே தெரியும் வேருக்கு மண் அணையுங்கள். கனமழை நைதரசனைக் கழுவிக்கொண்டு போவதால் இலை மஞ்சளாவது வழக்கம். ஆனால் புதுத் துளிர் தெரியும் முன்னர் பசளை போடாதீர்கள். துளிர் வந்ததும் கூட்டெருவோ மிகச் சிறிய அளவு யூரியாவோ போதும்.

உங்கள் உடலைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளம் வடிந்த சேற்றில் எலிக்காய்ச்சல் பரவும் ஆபத்து உண்டு. கால், கைகளில் கீறல் இருந்தால் மூடிக் கட்டுங்கள், நீண்ட சப்பாத்து அணியுங்கள், தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வேலை முடித்த சில நாட்களில் காய்ச்சல் வந்தால், சேற்றில் நின்றதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எந்தப் பயிருக்காகப் பாடுபடலாம், எதைக் கைவிடுவது?

மனச்சோர்வின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இழுபடுவதால் வருகிறது. சாகப்போகும் கன்றை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பிடுங்கி எடுத்த வெற்றிடத்தைப் பார்ப்பது எளிது. ஆகவே தெளிவாகவே சொல்கிறேன்.

கத்தரி வலுவான பயிர். இலையெல்லாம் போனாலும் தண்டு பச்சையாக இருந்தால், நிலத்திலிருந்து ஒரு சாண் அளவு விட்டு வெட்டி, மண் அணைத்து, சிறிது எரு போட்டால் புதிதாகத் துளிர்த்து மறுகாய்ப்புத் தரும். வெண்டியும் முறிந்த இடத்துக்குக் கீழே பக்கக்கிளை விடும்; அதில் காய் சிறுத்தாலும் சுவை குறையாது. வற்றாளைக் கொடியின் நுனிகளை வெட்டி உயரமான இடத்தில் நட்டுவிடலாம். முறிந்த முருங்கைக் கிளையும் அப்படியே. ஒரு மரம் விழுந்தால் நான்கு கம்புகள் நடக் கிடைக்கும். மரவள்ளியில் இலை பச்சையாக இருந்தாலும் நீர் தேங்கினால் கிழங்கு விரைவில் அழுகும். முற்றியதை உடனே கிண்டி எடுத்து, அயலுக்கும் கொடுத்து முடியுங்கள்.

தக்காளியும் மிளகாயும் தேங்கிய நீரைத் தாங்காதவை. வேரைப் பார்த்தால் தெரியும்: வெள்ளையாக இருந்தால் காத்திருக்கலாம்; பழுப்பாகி, மேற்தோல் கையோடு உரிந்து வந்தால் பிடுங்கிவிடுங்கள். இலை பச்சையாக இருக்கும்போதே கன்று திடீரென வாடினால் பற்றீரியா வாடலாக இருக்கக்கூடும். தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் பிடித்துப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அந்த நோய்தான். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் சில போகங்களுக்குத் தவிர்த்து, சோளமோ பயற்றையோ கீரையோ போடுங்கள். பிடுங்கிய கன்றைக் கூட்டெருக் குழியில் போடாமல் எரித்துவிடுவது நல்லது.

ஐயமான கன்றுகளுக்குப் பத்து நாள் தவணை கொடுங்கள். அதற்குள் துளிர் வராதவை இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவையே.

வெள்ளத்தில் நின்ற மரக்கறியைச் சாப்பிடலாமா?

வெள்ளநீர் மலக்குழிகளைக் கடந்து வந்திருக்கும் என்றே கருதுங்கள். நீரில் மூழ்கிய கீரை, வல்லாரை, சலாது இலை போன்றவற்றையும் மெல்லிய தோலுள்ள காய்களையும் விட்டுவிடுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே பந்தலில் தொங்கிய பாகலும் புடோலும் பயற்றையும் நன்றாகக் கழுவிச் சமைத்தால் உண்ணலாம். வளவுக் கிணறு மூழ்கியிருந்தால் குளோரின் இட்ட பின்னரே அந்நீரைக் குடிக்கவும் கீரை கழுவவும் பயன்படுத்துங்கள்.

நிலாவெளியில் கடற்கரைக்கு அருகே இருக்கிறேன். மணலும் உப்புக்காற்றும்தான் உள்ளது. இங்கே தோட்டம் செய்வதில் பயன் உண்டா?

உண்டு, அத்தோடு மழைக்காலத்தில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. களிமண் நிலத்தவர் நாட்கணக்கில் நீரை இழுத்துவிடும்போது உங்கள் மணல் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். கடல்நீர் ஏறியிருந்தாலும், அதன்பின் பெய்யும் நல்ல மழை மணலிலிருந்து உப்பை விரைவாகக் கழுவி இறக்கும். எனவே மழை பெய்து ஓய்ந்து மண் தேறும்வரை மறுநடுகையைத் தள்ளிப்போடுவது போதும்.

காற்றில் வரும் உப்புத்தூவல் இலை விளிம்பைக் கருக்கினால், அன்று மாலையே நன்னீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். கடற்கரைக் கிணறுகளில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலே ஏறும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறைப்பதே அந்தக் கிணற்றுக்கு ஏற்றது. மணலுக்கு எவ்வளவு கூட்டெருவும் சாணமும் தென்னஞ்சருகும் போட்டாலும் அது வாங்கிக்கொள்ளும். ஆண்டுதோறும் போடவேண்டியிருப்பதை ஒரு தோல்வியாக எண்ணாமல், அந்த மண்ணோடு சேர்ந்த வழக்கமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

மீண்டும் தொடங்குகிறேன். மனம் தேறுவதற்கு எதை முதலில் பயிரிடுவது?

விரைவாக ஒரு கைப்பிடி சமையலறைக்குப் போகக்கூடியதை. இந்த விடயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: அழிவுக்குப் பிறகு முதலில் நடும் பயிர் மிளகாயாகவோ கத்தரியாகவோ இருக்கக்கூடாது. அவை காய்க்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும். தளர்ந்த மனத்துக்கு அது நீண்ட காத்திருப்பு. இடையில் இன்னொரு மழை வந்தால் இரண்டாம் அடி முதல் அடியைவிடக் கடுமையாக விழும்.

முளைக்கீரை விதைத்தால் மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கலாம். கங்குன் தண்டுகளை நட்டால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதல் வெட்டு. அது நீர் தேங்கினாலும் சாகாது என்பதால் தாழ்ந்த வளவுக்கு அதைவிடப் பொருத்தமான இலைக்கறி வேறில்லை. முள்ளங்கிக்கு ஆறு வாரம். வெண்டியும் செடிப்பயற்றையும் ஏழாவது வாரத்தில் காய் தரும். பொன்னாங்காணியும் வல்லாரையும் ஒருமுறை பிடித்துவிட்டால் வெட்ட வெட்ட வளரும். கீரையை உரப்பையிலோ பழைய வாளியிலோ அடியில் துளையிட்டு, திண்ணையோரத்தில் வைத்தும் வளர்க்கலாம். கடும் மழை வருமென்றால் உள்ளே தூக்கி வைத்துவிடலாம். தேங்காய்ப்பூவோடு ஒரு கீரைச் சுண்டல் உங்கள் வளவிலிருந்து மறுபடி சோற்றோடு வந்த அன்று, கத்தரி நாற்றுமேடை போடும் எண்ணம் தானாக எழும். அப்போது போடுங்கள்.

மழையைச் சமாளித்துவிட்டேன். கச்சான் காலத்தில் செடி நிற்கிறது. ஆனால் பூவெல்லாம் உதிர்கிறது. இதுவும் வீண் உழைப்புத்தானா?

இந்த இழப்பு வெள்ளத்தைப்போல் கண்ணுக்குத் தெரியாததால் மனத்தை மெல்ல மெல்ல அரிக்கிறது. காரணம் வெப்பம். தக்காளியின் மகரந்தம் வெப்பமான இரவுகளில் செயலிழக்கும். இரவு வெப்பநிலை 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காவிட்டால் பூ காயாவது அரிதாகும். எங்கள் யூன், யூலை இரவுகள் பெரும்பாலும் அதற்கு மேலேயே நிற்கின்றன. நீங்கள் எவ்வளவு நீரும் எருவும் கொடுத்தாலும் அந்த மாதங்களில் தக்காளி காய்க்காமல் போவது உங்கள் குறையல்ல. தக்காளி மாசியில் பூக்குமாறு நாற்றிடுவதே வழி.

கச்சானுக்கு ஏற்றவை வெண்டி, பயற்றை, பூசணி, வற்றாளை, மரவள்ளி, முருங்கை, அகத்தி ஆகியவை. காற்றைத் தடுக்க மதில்போல் அடைத்த தகரத்தைவிட, கிடுகு வேலியோ கிளிசிரிடியா வரிசையோ சிறந்தது. முழுதாக அடைத்தால் காற்று மேலேறிக் குதித்து மறுபக்கம் சுழன்றடிக்கும்; பாதி காற்றை ஊடே விடும் வேலி அதன் வேகத்தைக் குறைத்து, தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம்வரை பாதுகாப்புக் கொடுக்கும். மண்ணை வைக்கோலாலோ தென்னஞ்சருகாலோ நான்கு விரற்கடை மூடுங்கள். பொச்சுமட்டைகளை நன்றாக ஊறவைத்து, நார்ப்பக்கம் மேலாக வேரருகே புதைத்தால் அவை ஈரத்தை நாட்கணக்கில் வைத்திருக்கும். இலை சுருண்டால் முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வறண்ட காற்றில் இலைப்பேனும் வெள்ளை ஈயும் பெருகும். கிருமிநாசினிக்கு ஓடுமுன், அதிகாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி நீரைப் பீய்ச்சுவது சிறு தோட்டத்தில் நல்ல பலன் தரும்.

ஒரே அடியில் எல்லாமே போகாதபடி தோட்டத்தை எப்படி அமைப்பது?

எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே மட்டத்தில் நடாமல் இருப்பதே முழு விடையும். வெண்டியை மூன்று பகுதியாக்கி, இரண்டு வார இடைவெளியில் விதைத்தால், ஒரு மழை ஒரு பகுதியின் பூவைத் தட்டினாலும் மற்றொன்று இளம் கன்றாகத் தப்பும். மேட்டுப் பாத்திகளை ஓரடி உயரமாக, நீர் ஓடும் திசைக்கு இசைவாக அமையுங்கள். இடையே உள்ள வாய்க்காலின் வாயை ஐப்பசி பிறக்கும் முன்னரே துப்புரவு செய்யுங்கள். வளவின் மிகத் தாழ்ந்த மூலையை மரக்கறிக்கெனப் போராடி மீட்க முயலாமல், கங்குனுக்கும் சேம்புக்கும் விட்டுக்கொடுங்கள்.

நீண்ட நாள் நிற்கும் மரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கையும் அகத்தியும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் பாத்தியெல்லாம் மூழ்கிய வாரத்திலும் ஏதாவது தரும். அந்த "ஏதாவது" மனத்துக்குச் செய்யும் நன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

விதைகளே உண்மையான காப்புறுதி. நன்றாக முற்றி உலர்ந்த பயற்றை, வெண்டி, பூசணி விதைகளை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, ஒரு பங்கை உயரமான இடத்திலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் வீடு மூழ்கும்போது விதைப்போத்தலும் மூழ்கும் என்பதால், இரண்டு வீட்டில் வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் வரவேண்டும். கத்தரி, மிளகாய் நாற்றுகளில் கொஞ்சத்தை நடுகைக்குப் பின்னும் தாழ்வாரத்தில் மிச்சமாக வைத்திருப்பதும் அப்படிப்பட்டதே.

பக்கத்து வளவு தப்பிவிட்டது, என்னுடையது மட்டும் அழிந்துவிட்டது. பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

அரை அடி நில உயரம், ஒரு மதகின் அடைப்பு, ஒரு வேலியின் திசை ஆகியவை போதும், இரு வளவுகளின் தலைவிதி வேறாவதற்கு. அவரிடம் போய் எப்போது நட்டார், நீர் எந்தப் பக்கமாக வடிந்தது என்று கேளுங்கள். நாற்று மிச்சமிருந்தால் வாங்குங்கள். பெரும்பாலானோர் மனமுவந்து கொடுப்பார்கள். அடுத்த முறை உங்கள் பக்கம் தப்பும்போது நீங்களும் கொடுப்பீர்கள்.

"சந்தையில் வாங்கினால் போகிறது, ஏன் இந்தப் பாடு?" என்று வீட்டார் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள்: கூலியைக் கணக்கிட்டால் பல மாதங்களில் சந்தை மரக்கறி மலிவுதான். ஆனால் எங்கள் சந்தைக்கு வரும் மரக்கறியில் பெரும்பங்கு தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் வழியே, நீண்ட வீதியில் லொறியில் வருகிறது. வெள்ளம் வீதியை மறித்த நாட்களில் விலை எப்படி ஏறுகிறது என்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். முருங்கையிலையும் பப்பாசிக்காயும் வளவிலிருந்தால் அந்த நாட்களில் ஒரு கறி உறுதி. அத்தோடு, மாலை நேரத்தில் தண்ணீர் ஊற்றும் அரைமணி நேரம் உங்களுக்குத் தரும் அமைதியையும் வீட்டார் அறிவார்கள். அதை வெட்கப்படாமல் சொல்லலாம். அவர்களையும் ஒரு பாத்திக்குப் பொறுப்பாக்குங்கள். குறிப்பாகப் பிள்ளைகளுக்கு விரைவாக முளைக்கும் பயற்றை விதைகளைக் கொடுங்கள்.

தோட்டக் குறிப்பேடு வைத்திருப்பதால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு, இழப்பை மட்டும் எழுதாதவரை. அழிவு நினைவில் தானாக நிற்கும். விளைச்சல் சமையலறையில் கரைந்துவிடும். "கார்த்திகை 10, கிழக்குப் பாத்தியில் கணுக்கால் தண்ணீர், இரண்டு நாளில் வடிந்தது; வேலியோர வெண்டி தப்பியது" என்ற ஒரு வரி, அடுத்த ஆண்டு வெண்டியை எங்கே நடவேண்டும் என்பதைச் சொல்லிவிடும். பறித்த காயையும் அப்படியே எழுதுங்கள்: ஒரு கட்டுக் கீரை, அரைக் கிலோ கத்தரி என்று. எதுவுமே விளையவில்லை என்று தோன்றும் ஆண்டின் முடிவில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால், பெரும்பாலும் அது உண்மையல்ல என்று தெரியவரும்.

நட்டஈடோ ஆலோசனையோ எங்கே கிடைக்கும்?

பயிர் அழிந்தவுடன், துப்புரவு செய்யும் முன்னரே, திகதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேசக் கமநல சேவைகள் நிலையத்துக்கும் அறிவியுங்கள். வீட்டுத்தோட்டத்துக்குப் பணமாக நட்டஈடு கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அரச பயிர்க் காப்புறுதி முதன்மையாக நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம் போன்ற வயல், மேட்டுநிலப் பயிர்களை எண்ணி அமைந்தது. ஆனாலும் வெள்ளத்துக்குப் பிறகு விதைப் பொதிகளும் நாற்றுகளும் பகிரப்படும்போது பெயர் பதிவாகியிருப்பது உதவும். பயிர் ஆலோசனைக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தில் தமிழிலும் கேட்கலாம். அனர்த்த எச்சரிக்கைக்கு இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

களைத்துவிட்டேன். ஒரு போகம் விட்டுவிட்டால் பிறகு திரும்ப முடியாமற் போகுமா?

விடலாம். ஓய்வெடுத்தவர்கள் திரும்பி வருகிறார்கள். களைப்போடு இழுத்துப்பறித்தவர்களே பெரும்பாலும் ஒரேயடியாக விடுகிறார்கள். மண்ணை மட்டும் வெறுமையாக விடாதீர்கள். மழைக்கு முன்னர் கௌபியோ சணலோ தூவிவிட்டால், அவை மண்ணைப் பிடித்து, நைதரசனைச் சேர்த்து, பூக்கும் பருவத்தில் வெட்டி மடக்கினால் பசளையாகும். அதுவும் இயலாவிட்டால் சருகால் மூடிவிடுங்கள். அந்த இடைவேளையிலும் திண்ணையில் ஒரே ஒரு வாளியில் கீரை வளரட்டும்.

அடுத்த பெரும்போகத்துக்கு எப்போது, எப்படித் தொடங்குவது?

கச்சான் தணியும் புரட்டாதியில் பாத்திகளை உயர்த்தி, வாய்க்காலைத் திறந்து, எரு போட்டு மூடிவையுங்கள். முதல் மழை நன்றாக நனைத்ததும் உயர்ந்த பாத்திகளில் மட்டும் பயற்றை, வெண்டி, சோளம் விதையுங்கள். நவம்பர் கனமழைக்கு முன்னர் அவை வேரூன்றிவிடவேண்டும். ஏற்கனவே வாங்கியிருக்கிறோமே என்று எல்லா விதையையும் அப்போதே போட்டுவிடும் அவசரத்தை அடக்குங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளைக் கார்த்திகையில் கூரைக்கடியிலோ படங்கின் கீழோ வளர்த்து, கனமழை தணியும் மார்கழிக் கடைசியிலோ தைப்பொங்கலை ஒட்டியோ நிலத்துக்கு மாற்றுங்கள். தாழ்ந்த வளவுக்காரர் தை பிறக்கும்வரை பொறுத்திருப்பதே நல்லது. அதன்பின் வரும் மாசி, பங்குனி மாதங்கள்தான் திருகோணமலையில் மரக்கறிக்கு மிகவும் இதமான காலம். ஐப்பசியில் விதையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிலத்தில் போடவேண்டாம். மீதி போத்தலில் இருக்கும்வரை, டிசம்பரில் என்ன நடந்தாலும் சனவரியில் நடுவதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கும்.